மும்மொழித் தளமும் அப்பாவின் கடிதமும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளுக்கு எழுதியவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்று எண்ணிப் பல காலமாயிற்று. கத்தரித்து ஒட்டிய பழைய கொப்பிகள், பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள், பின்னாளில் ஒருங்குறியில் எழுதியவை என்று மூன்று தலைமுறைக் காகிதங்களும் கோப்புகளும் நுவரெலியாவின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. இவ்வாண்டு தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்த என் தங்கையின் பேரன் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் ஒரு தளமாக் கட்டிருவோம் தாத்தா, காசே ஆகாது" என்றான். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவன். இரண்டு நாளில் முடியும் என்றான். மூன்று மாதமாயிற்று. தாமதத்துக்கு அவன் காரணமல்லன். தளம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதுதான் காரணம்.

மூன்று மொழி எதற்கு என்று அவனும் கேட்டான். மலையகத்தைப் பற்றி எழுதியதை மலையகத்தார் மட்டும் படித்தால் போதாது என்பது என் நெடுநாள் எண்ணம். 1920களில் நடேசய்யர் தமிழில் 'தேசபக்தன்' நடத்தியபோதே ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார். தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக 1954இல் நூலாக்கினார். அவர்கள் யாரை எட்ட நினைத்தார்களோ, அவர்களோடு பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வாசகரையும் எட்ட வேண்டும் என்பது என் ஆசை. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் சிலர் இப்போது சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். கனடாவில் வளர்கிற பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டுமே சரளம்.

பேரன் தேர்ந்தெடுத்த கருவியின் பெயர் ஹியூகோ. 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா என்பவர் தொடங்கியது, இலவசமாகக் கிடைப்பது. நாம் கட்டுரைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதிக் கோப்புறைகளில் போட்டுவைக்க வேண்டும். ஒரு கட்டளை கொடுத்தால் அது வார்ப்புருவை எடுத்து, கட்டுரைகளை அதில் இட்டு, தளம் முழுவதையும் ஒரே மூச்சில் பக்கங்களாக்கித் தந்துவிடும். தரவுத்தளம் ஏதுமில்லை. வாசகர் கேட்கும்போது சமைப்பதில்லை. முன்பே சமைத்து வைத்ததைப் பரிமாறுவதுதான். அச்சுக்கோப்பில் பக்கத்தைப் பூட்டி இயந்திரத்துக்கு அனுப்பிய காலத்தைப் பார்த்த எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. பக்கங்கள் பாரமற்றவை என்பது பெரிய வசதி. எங்கள் தோட்டங்களில் ஒரு மேட்டில் அலைவரிசை கிடைக்கும், அடுத்த பள்ளத்தில் அறுந்துவிடும். லயத்து வாசலில் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஏழெட்டுப் படங்களோடு அசையும் முகப்பு தேவையில்லை.

ஹியூகோவில் பல மொழிகளுக்கு ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யலாம். அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு மொழிக்கும் ஈரெழுத்துக் குறியீடு கொடுக்கிறோம்: தமிழுக்கு டிஏ, சிங்களத்துக்கு எஸ்ஐ, ஆங்கிலத்துக்கு இஎன். ஒரே கட்டுரையின் மூன்று வடிவங்களும் ஒரே பெயரில், கடைசியில் மொழிக்குறியீடு மட்டும் மாறி, அருகருகே இருக்கும். இவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்று கருவி தானே கண்டுகொள்ளும். 'முகப்பு', 'தேடுக', 'மேலும் வாசிக்க' போன்று எல்லாப் பக்கங்களிலும் வரும் சொற்களுக்குத் தனிக் கோப்புறை ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஐ-18-என்'. ஏதோ வானொலி அலைவரிசை என்று நினைத்தேன். 'இன்டர்நேஷனலைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே பதினெட்டு எழுத்துகள் இருக்கின்றனவாம். அதனால் அந்தப் பெயர். தலைப்பு நீண்டால் வெட்டுகிற உதவி ஆசிரியர்கள் நம் ஆசிரிய பீடத்தில் மட்டும் இருக்கவில்லை என்று தெரிந்தது.

நாங்கள் எடுத்த வார்ப்புரு அழகானது. ஆனால் அதைச் செய்தவர் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்திருந்தார். 'முகப்பு', 'கட்டுரைகள்', 'நேர்காணல்கள்', 'தொடர்புக்கு' என்று பட்டியலில் எழுதியதும் கைப்பேசித் திரையில் அது இரண்டு வரியாக உடைந்தது. வரிகளுக்கிடையே இடம் போதாமல் சிங்களத்தின் மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் உரசிக்கொண்டன. முகப்பில் ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்துக்கும் எழுபது சொற்கள் என்பது கருவியின் வழக்கம். ஆங்கிலத்தில் எழுபது சொல் ஒரு சிறு பந்தி, தமிழில் அது பாதிப் பக்கத்தை விழுங்கும். 'வாசிக்கும் நேரம்' என்று ஒன்று காட்டும். நிமிடத்துக்கு 213 சொல் என்று வகுத்துச் சொல்லும் கணக்கு அது. 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதும் அதற்கு ஒரே சொல்தான். அதை எடுத்தே விட்டோம்.

முகவரிப் பிரச்சினை இன்னும் சுவையானது. கட்டுரைத் தலைப்பைத் தமிழிலேயே இணைய முகவரியாக வைக்க விரும்பினேன். எங்கிருந்தோ ஒரு மாதிரி அமைப்புக் கோப்பை நான்தான் பிரதி செய்து கொடுத்திருந்தேன். அதில், முகவரியில் ஒலிக்குறிகளை நீக்கும்படி ஒரு வரி இருந்தது. பிரெஞ்சு, ஸ்பானிய எழுத்துகளின் தலைமேல் நிற்கும் கீற்றுகளை எடுப்பதற்கான ஏற்பாடு அது. ஒருங்குறிப் பட்டியலில் நமது புள்ளியும் ஈகாரத்தின் விசிறியும் அந்தக் கீற்றுகளோடு ஒரே இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. விளைவு: ஹட்டன் 'ஹடடன' ஆயிற்று, தோட்டம் 'தோடடம' ஆயிற்று. நுவரெலியா மட்டும் புள்ளியோ ஈகாரமோ இல்லாத ஊராதலால் தப்பிப் பிழைத்தது. தோட்டத் தொழிலாளர் வழக்கொன்றைப் பற்றி எழுதிய கட்டுரையின் முகவரியைப் பார்த்தபோது 'நீதி' என்பது 'நதி' என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியை நீக்கினோம். ஆயினும் தமிழ் முகவரியை மின்னஞ்சலில் ஒட்டினால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடுகிறது. 'தேயிலை' என்ற ஒரு சொல்லே ஐம்பத்து நான்கு எழுத்து. கடைசியில் முகவரிகளுக்கு ஆண்டும் எண்ணும் போதும் என்று சமாதானமானேன்.

தேதியையும் சொல்ல வேண்டும். மொழிக்கேற்ற மாதப் பெயர்களைக் கருவியே போட்டுவிடும் என்றான் பேரன். போட்டது. 'பிப்ரவரி', 'அக்டோபர்' என்று போட்டது. நாற்பது ஆண்டு 'பெப்ரவரி', 'ஒக்டோபர்' என்று எழுதியும் ஒப்புநோக்கியும் வந்தவனுக்கு, என் கட்டுரையை யாரோ சென்னையில் மறுபதிப்புச் செய்துவிட்டது போல் இருந்தது. சென்னை நண்பர்கள் கோபிக்க வேண்டாம். அவர்கள் தளத்தில் 'ஒக்டோபர்' வந்தால் அவர்களும் முகம் சுளிப்பார்கள். பன்னிரண்டு மாதங்களையும் கையால் எழுதிக் கொடுத்தேன்.

பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது தனிக் கதை. அந்தக் கோப்புகளில் உண்மையில் தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகள் 'தமிழ்' என்று வேடம் போட்டு நிற்கும். எழுத்துரு இல்லாவிட்டால் வேடம் கலைந்துவிடும். சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் இல்லையென்றால் ஈழத்து எழுத்தில் ஒரு தலைமுறை இன்று குப்பையாகியிருக்கும். மாற்றிய கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் சில ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றைத் துடைக்கப் பேரன் ஒரு சிறு நிரல் எழுதினான். அது தமிழ்க் கோப்புகளைச் சுத்தம் செய்ததோடு நில்லாமல் சிங்களக் கோப்புகளுக்குள்ளும் புகுந்தது. மறுநாள் பார்த்தால், சிங்களப் பக்கமெங்கும் 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்து இரண்டாக உடைந்து கிடந்தது.

சிங்கள 'ஸ்ரீ' சேர்ந்து நிற்பதற்கு அதன் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி வேண்டும். அதைத்தான் நிரல் துடைத்துவிட்டது. "சின்னப் பிழைதான் தாத்தா, அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிறலாம்" என்றான் அவன். அவனுக்கு அந்த எழுத்து ஓர் எழுத்து. 1957இல் வாகன இலக்கத்தகடுகளில் அந்தச் சிங்கள எழுத்தைப் பொறித்ததும், வடக்கு கிழக்கில் அதன்மேல் தார் பூசியதும், அந்தக் கிளர்ச்சி மலையகத்துக்கும் வந்து 1958இல் பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டுத் தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டதும் அவனுக்குத் தெரியாது. சொன்னேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த இணைப்புக்குறியை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான். எழுத்தை அழிப்பதற்கு ஒரு காலம் இருந்தது. என் தளத்தில் அது சரியாக எழுதப்பட வேண்டும் என்று நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இவ்வளவும் பொறுமையிருந்தால் தீர்கிறவை. எங்களுக்குள் உண்மையான வாதம் ஒன்றே ஒன்றில்தான் வந்தது.

அமைப்புக் கோப்பில் 'இயல்பு மொழி' என்று ஒரு வரி உண்டு. அந்த மொழியின் பக்கங்கள் தளத்தின் வாசலிலேயே இருக்கும். மற்ற மொழிகள் உள்ளே தத்தம் கோப்புறையில் இருக்கும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஏதாவது ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால், கருவி சத்தமின்றி இயல்பு மொழியின் சொல்லை எடுத்து அவ்விடத்தில் வைத்துவிடும். பேரன் இயல்பு மொழியாக ஆங்கிலத்தை வைத்திருந்தான்.

"எல்லாரும் இப்படித்தான் வைப்பாங்க தாத்தா. ஏதும் விடுபட்டா வெறுமையாத் தெரியாது பாருங்க."

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1969ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருந்தோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பாவை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பேசிக்கொள்வதாகத் தள்ளிவைத்தது. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரு நாள் தோட்ட அலுவலகத்திலிருந்து தபால்காரர் அவரிடம் ஒரு நீளக் கடித உறையைக் கொடுத்தார். கடிதம் சிங்களத்தில் இருந்தது.

அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். நான் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். சிங்களத்தில் ஓர் எழுத்தும் அறியேன். கணக்கப்பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அரசாங்க முத்திரை இருந்ததால் முக்கியமானது என்று மட்டும் எல்லாரும் சொன்னார்கள். அப்பா அதைக் கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார், மலைக்குப் போனார், வந்தார். சம்பள வாரத்து ஞாயிறன்று ஹட்டன் கடைவீதிக்கு இறங்கியபோது, பேக்கரிக்காரர் ஒருவர் வாசித்துச் சொன்னார். கடிதம் கைக்கு வந்து பதினொரு நாளாகியிருந்தது. நேர்முகத்துக்கு வரச்சொன்ன தேதி போய் மூன்று நாளாகியிருந்தது.

அடுத்த நாளே சம்பளத்தை இழந்து அந்த அலுவலகத்துக்குப் போனார். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1981இல் இறக்கும்வரை அவர் எந்த நாட்டின் பிரஜையும் இல்லை. எனக்கு 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சட்டப் புத்தகத்தில் குறையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தாலும், 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1966இல் அதற்கு ஒழுங்குவிதிகளும் நிறைவேறின. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்குரியவை என்று வர்த்தமானியில் வந்தது. அச்செய்தியை நானே எழுதினேன். அமைப்புக் கோப்பில் மூன்று மொழியும் எப்போதோ எழுதியாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில், தட்டெழுத்தாளர் விடுப்பில் போன நாளில், இயல்பு மொழி வந்து சத்தமின்றி உட்கார்ந்துகொள்ளும். பேருந்துகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின் மேல் 'தாய்' 'நாய்' ஆகிய பலகையை இணையத்தில் எல்லாரும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பிழையான பலகையையாவது திருத்தச் சொல்லலாம். தமிழ் இல்லாத பலகையில் தமிழ் இல்லை என்பது, அதை வாசிக்கத் தெரிந்தவர் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னபோது அவன் மறுத்துப் பேசவில்லை. தேடிப் பார்த்து, ஹியூகோவில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றான். விடுபட்ட மொழிபெயர்ப்புகளை இயல்பு மொழியால் நிரப்பாமல், விடுபட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே குறி காட்டும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதலாம். தளத்தை ஆக்கும்போது என்னென்ன விடுபட்டிருக்கின்றன என்று எச்சரிக்கைப் பட்டியல் தரும்படியும் கேட்கலாம். இரண்டையும் செய்தான். அதுவரை ஒழுங்காகத் தெரிந்த என் மும்மொழித் தளம் பல்லுப் போன வாய் போலாகிவிட்டது. சிங்களப் பக்கத்தில் ஒன்பது ஓட்டைகள், தமிழ்ப் பக்கத்திலேயே ஆறு. இவ்வளவு நாளும் ஆங்கிலம் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அவை. நான் தினமும் பார்த்தும் கவனிக்கவில்லை.

ஓட்டைகளை அடைக்கும் வேலையில் நானுஓயாவிலிருக்கும் சிங்கள நண்பர் துணைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர்; அவரது தமிழ் என் சிங்களத்தைவிட நல்லது. சிறு சொற்கள் ஒரு மாலையில் முடிந்தன. கட்டுரைப் பிரிவுகளின் பெயர்கள்தான் இழுத்தன. 'லயம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது? அது 'லைன்' என்று அங்கிருந்து வந்த சொல்தான். திருப்பி அனுப்பினால் வெறும் கோடு என்று பொருளாகிவிடும். 'கங்காணி'க்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 'மலையகம்' என்ற பிரிவுக்கு ஆங்கிலத்தில் 'மலைநாடு' என்ற பொருளில் எழுதினால் அது சுற்றுலாக் கையேடாகிவிடும். நுவரெலியாவின் குதிரைப் பந்தயமும் வசந்த விழாவும்தான் நினைவுக்கு வரும். 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த இருநூறாவது ஆண்டு நினைவு நடைபயணத்தின்போது மூன்று மொழிப் பதாகைகளிலும் 'மலையகம்' என்றே எழுதிப் பிடித்ததை நண்பர் நினைவூட்டினார். அப்படியே வைத்துக்கொண்டோம்.

எல்லாக் கட்டுரைகளையும் மூன்று மொழியிலும் தர என்னால் ஆகாது. இல்லாத மொழியை அழுத்தினால் வாசகரைச் சத்தமின்றி முகப்புக்குத் தள்ளிவிடுவது வார்ப்புருவின் வழக்கம். அதை மாற்றி, இக்கட்டுரை இம்மொழியில் இன்னும் இல்லை, மூலம் இன்ன மொழியில் உள்ளது என்று அவர் வாசிக்கத் தெரிந்த மொழியிலேயே ஒரு வரி வரும்படி செய்தோம். இயல்பு மொழி தமிழ். பேரனுக்கு அதில் இன்னும் முழுச் சம்மதமில்லை. வெளிநாட்டு வாசகர் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள் என்கிறான். போகக்கூடும்.

கடைசியாக ஏற்றியது அப்பாவின் கடிதம். தகரப் பெட்டியில் அம்மா வைத்திருந்தது. மடிப்புகளில் கிழிந்து நாலு துண்டாக இருக்கிறது. சிங்களப் பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை; நண்பர் பார்த்துப் பார்த்து அப்படியே தட்டச்சிட்டார். பிறகு வரி வரியாக எனக்குத் தமிழில் சொல்ல நான் எழுதினேன். ஏழு வரிகள்தாம். எந்தெந்தப் பத்திரங்களோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பது நாலு வரி. வராவிட்டால் விண்ணப்பத்தில் அக்கறையில்லை எனக் கருதப்படும் என்பது இரண்டு வரி. கடைசி வரி 'தங்கள் கீழ்ப்படிவுள்ள சேவகன்'. அந்தக் காலத்து அரசாங்கக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இருந்த வாசகந்தான். நண்பர் அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தேநீர் ஊற்றப் போனேன்.

ஆங்கில வடிவம் இன்னும் இல்லை. டொரொண்டோவிலுள்ள என் தம்பியின் பேத்தி தமிழ்ப் பக்கத்தை அவள் அப்பாவைக் கொண்டு வாசித்துக் கேட்டு, தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பரீட்சை முடியட்டும் என்றாள். அதுவரைக்கும் ஆங்கிலப் பக்கத்தில் அந்த ஒரு வரி நிற்கிறது: இக்கடிதம் இம்மொழியில் இன்னும் இல்லை.